நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்: என்எஃப்டியும் என் மின்கணக்கும்

டிஜிட்டல் ஓவியம் படிக்கும் மாணவி நான். 2022 கடைசியிலிருந்து என் படங்களை டெசோஸ் என்ற பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டில், என்எஃப்டியாகப் போட்டு வருகிறேன். என்எஃப்டி என்பது இந்தப் படம் இன்னாருடையது என்று அந்தப் பதிவேட்டில் இருக்கும், வாங்கி விற்கக்கூடிய டிஜிட்டல் சான்று (டோக்கன்). இதில் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று கேட்டு வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிதாக ஒன்றுமில்லை. தேய்ந்த பேனா முனைகளை மாற்றுவதற்கும், இரண்டு பிரஷ் தொகுப்புகள் வாங்குவதற்கும் ஆனது. என் படத்தை வாங்கியவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போலவே படம் போடுகிறவர்கள். நான் அவர்களுடையதை வாங்க, அவர்கள் என்னுடையதை வாங்க, அதே காசுதான் எங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. என்எஃப்டி என்றாலே மின்சாரத்தைக் குடித்துப் பூமியைக் கெடுக்கிற வேலை என்று வகுப்பில் இன்றைக்கும் முகம் சுளிக்கிறார்கள். இவ்வளவு காலம் புழங்கிய பிறகு அந்தக் குற்றச்சாட்டில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

குற்றச்சாட்டு சும்மா வந்ததல்ல. மார்ச் 2021-இல் பீப்பிள் என்ற பெயரில் இயங்கும் கலைஞரின் படத்தொகுப்பு கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.93 கோடி டாலருக்கு மேல் போனதும் உலகமே என்எஃப்டி பற்றிப் பேசியது. ஆனால் அதற்கு முன்பே, டிசம்பர் 2020-இல், மெமோ அக்டென் என்ற கலைஞர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஒரே பிரதியாக வெளியாகும் ஒரு படைப்புக்கு, மின்ட் செய்வது (பதிவேட்டில் முதன்முதலில் பதிப்பது), ஏலம் கேட்பது, விற்பது, கைமாற்றுவது எல்லாம் சேர்த்து, சராசரியாக 340 கிலோவாட் மணி மின்சாரம், 211 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் ஒருவர் ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தும் மின்சாரம் அது. பிரெஞ்சுக் கலைஞர் ஜோனி லெமெர்சியே தன் ஆறு படைப்புகளை விற்றுவிட்டுக் கணக்குப் பார்த்தபோது, அந்த விற்பனைக்கு ஆன மின்சாரம் தன் ஸ்டூடியோ இரண்டு வருடம் இயங்க ஆனதைவிட அதிகம் என்று தெரிந்தது. பருவநிலைப் போராட்டங்களில் நிற்கும் மனிதர் அவர். அடுத்த வெளியீட்டை ரத்து செய்தார். மார்ச் 2021-இல், ஓவியர்கள் படங்களைக் காட்சிக்கு வைக்கும் ஆர்ட்ஸ்டேஷன் தளம் என்எஃப்டி விற்கப் போவதாக அறிவித்து, கலைஞர்கள் கொந்தளித்ததும் சில மணி நேரத்திலேயே பின்வாங்கியது.

அந்த 340 என்ற எண் சரியா என்று பெரிய வாதம் நடந்தது. எனக்கு இந்த விவகாரத்திலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான். அன்றைய எத்தீரியம் புரூஃப் ஆஃப் வொர்க் முறையில் ஓடியது. உலகெங்கும் கிராபிக்ஸ் கார்டுகள் போட்டி போட்டுக் கணக்குப் போடும்; ஜெயித்த கணினி அடுத்த பிளாக்கை, அதாவது பதிவேட்டின் அடுத்த பக்கத்தை, எழுதிக் காசு பெறும் (இதுதான் மைனிங்); தோற்றவை எரித்த மின்சாரம் அவ்வளவுதான், போனது போனதுதான். அந்த பிளாக்கில் என் படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரிகிற மின்சாரம் அதேதான். பேருந்து நான் ஏறாவிட்டாலும் ஓடத்தானே செய்யும், அதன் டீசல் எப்படி என் தலையில் விழும் என்று ஒரு தரப்பு கேட்டது. நீ வாங்கும் டிக்கெட் காசைப் பார்த்துத்தானே இன்னொரு பேருந்து விடுகிறான் என்றது மறுதரப்பு. நான் இரண்டாவது கட்சி. கேஸ் என்ற பதிவுக் கட்டணம் ஏற ஏற மைனிங் லாபம் ஏறும். லாபம் ஏறினால் இன்னும் கார்டுகளை மாட்டுவார்கள். ஆனால் அந்தப் பங்கை ஒவ்வொரு படத்தின் தலையிலும் ஒட்டி, இந்தப் பெண் இத்தனை கிலோ கார்பன் என்று சொல்வதில் நியாயமில்லை. அக்டெனே தன் கணக்கீட்டுத் தளத்தை மூடினார். அதன் எண்களை எடுத்துக்கொண்டு தனிப்பட்ட கலைஞர்களைத் துரத்தித் திட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பது காரணம்.

பிறகு 15 செப்டம்பர் 2022 வந்தது. எத்தீரியம் புரூஃப் ஆஃப் ஸ்டேக்குக்கு மாறியது. இதில் கணக்குப் போட்டி கிடையாது. எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில் குறைந்தது 32-ஐப் பிணையாக வைத்தவர்களுக்குள் குலுக்கல் முறையில் பிளாக் எழுதும் வேலை போகிறது. தப்பு செய்தால் பிணையில் வெட்டு. வருடத்துக்குச் சுமார் 2.3 கோடி மெகாவாட் மணி குடித்துக்கொண்டிருந்த எத்தீரியம் வலையமைப்பு, சுமார் 2,600 மெகாவாட் மணிக்கு இறங்கியது என்று கிரிப்டோவின் கார்பன் கணக்கை ஆராயும் சிசிஆர்ஐ நிறுவனம் மதிப்பிட்டது. 99.9 சதவீதத்துக்கும் மேலான குறைவு. சுற்றுச்சூழல் விஷயத்தில் இவ்வளவு பெரிய சரிவு ஒரே நாளில் நடந்ததற்கு இன்னொரு உதாரணம் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. டெசோஸ் 2018-லிருந்தே இந்த வகை முறையில்தான் ஓடுகிறது. நான் அங்கே போனதற்கு அதுவும் காரணம், கட்டணம் சில சென்ட் மட்டுமே என்பதும் காரணம். எது முதல் காரணம் என்று அன்றைய என்னைக் கேட்டால் கட்டணம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆக, மின்ட் செய்வதற்கான மின்சாரம் என்ற பழைய குற்றச்சாட்டு, புரூஃப் ஆஃப் ஸ்டேக் பிளாக்செயின்களைப் பொறுத்தவரை, நிற்கவில்லை. இன்றும் 2021-இன் எண்களைக் காட்டி வாதாடுகிறவர்கள் தேதியைப் பார்க்க வேண்டும்.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. 2023 ஜனவரியில் ஆர்டினல்ஸ் வந்தது. படத்தை நேராக பிட்காயினிலேயே பதிக்கலாம் என்றார்கள். பிட்காயின் இன்னும் புரூஃப் ஆஃப் வொர்க்தான். என் பிக்சல் ஓவியங்களை வாங்கிய ஒருவர், ஒரு தொடரை அங்கே பதித்துத் தரும்படி கேட்டார்; எனக்குக் கிடைத்த கேட்புகளிலேயே அதுதான் பெரிய தொகை. மாட்டேன் என்று எழுதினேன். பேருந்து எப்படியும் ஓடுகிறதே என்ற அதே பதில் அவரிடமிருந்து வந்தது. விட்டுவிட்டேன்.

இனி அன்றாடப் பயன்பாடு. வாலெட் (டோக்கன்களும் காசும் இருக்கும் டிஜிட்டல் பை) வைப்பது, மின்ட் செய்வது, பட்டியலிடுவது எல்லாம் பழகிவிட்டால் வேகமாக முடியும். வாலெட்டில் கேட்காமலேயே வந்து விழும் குப்பை டோக்கன்கள் தொல்லை. அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. திருட்டு இன்னும் உண்டு. ஜனவரி 2022-இல் ஓபன்சீ என்ற பெரிய என்எஃப்டி சந்தை, தன் இலவச மின்ட் வசதியில் உருவானவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் திருட்டு, போலி அல்லது ஸ்பேம் என்று தானே ஒப்புக்கொண்டது. மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு என்பதுதான் எங்களை இழுத்த பெரிய வாக்குறுதி. அந்த ராயல்டியும் பிளாக்செயின் தானாகத் தருவதல்ல, சந்தைத் தளம் மனது வைத்தால்தான் என்பது, 2023 ஆகஸ்டில் ஓபன்சீ அதைக் கட்டாயமாக்கும் ஏற்பாட்டை விலக்கியபோது எல்லோருக்கும் புரிந்தது.

எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது வேறு. படம் எங்கே இருக்கிறது?

என்எஃப்டி வாங்கினால் பெரும்பாலும் பிளாக்செயினில் இருப்பது ஒரு டோக்கனும் ஒரு முகவரியும்தான். படக்கோப்பு வெளியே இருக்கும். சில சமயம் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில். நவம்பர் 2022-இல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்ற நிறுவனம் திவாலான பிறகு, அதன் சந்தையில் உருவான பல என்எஃப்டிகளின் படம் இருக்க வேண்டிய இடத்தில் திவால் நடவடிக்கை பற்றிய பக்கம்தான் வந்தது. கொஞ்சம் நல்ல ஏற்பாடு ஐபிஎஃப்எஸ், பலருடைய கணினிகளில் கோப்புகளைப் பகிர்ந்து வைக்கும் முறை. அதில் முகவரி என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே பிறக்கும் குறியீடு. யார் வைத்திருந்தாலும் அதே குறியீடுதான். டெசோஸின் ஹிக் எட் நுன்க் என்ற என்எஃப்டி சந்தைத் தளம் நவம்பர் 2021-இல் திடீரென்று மூடப்பட்டபோதும் படங்கள் அழியாததற்கு இதுவே காரணம். விற்பனையை நடத்தும் ஒப்பந்த நிரல்கள் பிளாக்செயினில், கோப்புகள் ஐபிஎஃப்எஸ்ஸில். பயனர்களே சேர்ந்து மாற்றுத் தளங்களைக் கட்டினார்கள், டெயா அப்படிப் பிறந்ததுதான். ஆனால் ஐபிஎஃப்எஸ்ஸிலும் யாராவது ஒருவர் கோப்பை ‘பின்’ (pin) செய்து தன் இயந்திரத்தில் வைத்திருக்க வேண்டும். யாரும் வைத்திருக்கவில்லை என்றால் குறியீடு மட்டும் நிற்கும், படம் இருக்காது. என்றென்றைக்கும் என்று விற்கிற ஒன்று, யாரோ ஒருவர் செருகி வைத்த பிளக்கை நம்பி நிற்கிறது.

அந்த யாரோ ஒருவராக நானே இருப்போம் என்று, மூலையில் கிடந்த பழைய மடிக்கணினியில் ஐபிஎஃப்எஸ் நோடு ஒன்றை (கோப்புகளை வைத்திருந்து பகிரும் மென்பொருளை) நிறுவினேன். என் படங்கள், நான் வாங்கிய படங்கள் எல்லாவற்றையும் பின் செய்தேன். மின்மீட்டர் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். திரை அணைந்த நிலையில் சராசரியாக 12 வாட். ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 24 மணி நேரமும் 365 நாளும் ஓடினால் அது 105 கிலோவாட் மணி.

அக்டெனின் 340-ஐ நினைத்துப் பாருங்கள். உலகமே கொதித்த அந்த எண்ணில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு; அதுவும் வருடா வருடம். ஒரு படத்துக்கல்ல, ஒரு தொகுப்பு முழுவதற்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் மின்ட் செய்யும்போது ஒருமுறை ஆகும் செலவைப் பற்றியே இத்தனை வருடம் பேசிவிட்டோம். வைத்திருப்பதற்கு ஆகும் செலவு நின்றபாடில்லை, அதை யாரும் கணக்கில் எழுதுவதுமில்லை. என்எஃப்டிக்கு மட்டும் இது பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. மேகச் சேமிப்பில் நாம் கொட்டி வைத்திருக்கும் லேயர் கோப்புகளுக்கும் இதே கதைதான். என்எஃப்டியில் ஒரு வித்தியாசம்: அழியாது என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கிறோம்.

இந்தக் கணக்கு நான் படம் போடும் விதத்தையே மாற்றியது. முன்பெல்லாம் அச்சுக்குப் போகாத படத்தையும் பிரம்மாண்ட அளவில் வரைவேன். இப்போது முதலிலேயே கோப்பின் எடைக்கு வரம்பு வைத்துக்கொள்கிறேன். வண்ணங்கள் குறைவு, பிக்சல் குறைவு, அனிமேஷன் என்றால் சில பிரேம்கள் மட்டும். நிரல் எழுதிப் படம் உருவாக்கும் ஜெனரேடிவ் கலைஞர்கள் இதை முன்பே கண்டுகொண்டார்கள். ஆர்ட் பிளாக்ஸ் தளத்தில் படத்தை வரையும் நிரலே பிளாக்செயினில் இருக்கிறது, ஏனென்றால் அது சில கிலோபைட்தான். 2019-இல் வந்த ஆட்டோகிளிஃப்ஸ் என்ற படத்தொடரும் அப்படி. வரம்பு வைத்த பிறகு என் படங்கள் மோசமாகவில்லை. சில நன்றாகவே வந்தன. பேராசிரியர் ஒருவர் மட்டும் இன்னும் பெரிய கேன்வாஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வன்பொருள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். மடிக்கணினி, டேப்லெட் போன்றவற்றின் வாழ்நாள் கார்பனில் பெரும்பகுதி அவை தயாராகும்போதே வெளிவந்துவிடுகிறது. பச்சை பிளாக்செயினில் மின்ட் செய்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, நன்றாக ஓடும் டேப்லெட்டை புது மாடலுக்காகத் தள்ளிவிடுபவரின் கணக்கு எனக்குப் புரிவதில்லை. ஐநாவின் மின்கழிவு அறிக்கைப்படி 2022-இல் உலகம் கழித்தது 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். எத்தீரியம் மாறிய பிறகு மைனிங் கார்டுகள் செகண்ட்ஹேண்ட் சந்தையில் குவிந்தன. என் கணினியில் இருப்பதும் அப்படி வந்த ஒன்று என்றே நினைக்கிறேன். விற்றவர் வாய் திறக்கவில்லை, விசிறிச் சத்தம் சொல்லிவிட்டது. ரெண்டரிங்குக்கு அது போதும்.

மடிக்கணினி நோடை அணைத்துவிட்டேன். இப்போது நாங்கள் சில பேர் சேர்ந்து 4 வாட்டில் ஓடும் சின்ன போர்டு கணினி ஒன்றைப் பொதுவில் வைத்திருக்கிறோம். இடம் கொஞ்சம்தான் என்பதால் எல்லாவற்றையும் பின் செய்ய முடியாது. யாராவது காசு கொடுத்து வாங்கிய படம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. விற்காமல் கிடக்கும் பழைய தொடர்களை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. என் தோழிக்கு அது சம்மதமில்லை: "விக்காததெல்லாம் வேண்டாததுன்னு சொன்னா அப்புறம் சந்தைதானே தீர்ப்பு சொல்லுது?" என்கிறாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மெமரி கார்டில் இடமில்லை. பட்டியல் இன்னும் முடிவாகவில்லை.