சூப்பர் மரியோ லேண்டின் அந்த இதயம்: பழைய கேம் பாயோடு முப்பது ஆண்டுகள்

போன மாதம் என் பழைய கேம் பாயை, நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியை, திறந்து பழுதுபார்த்தேன். அதைக் கேள்விப்பட்டு, இங்கே மொரீஷியஸில் என்னோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் இடைவேளையில் வந்தார். "அண்ணா, ரோஸ் ஹில்லில் ஒருவரிடம் கேம் பாய் விலைக்கு இருக்கிறதாம். சூப்பர் மரியோ லேண்டையும் சேர்த்துத் தருகிறாராம். மகனுக்குப் பத்து வயது ஆகப்போகிறது. வாங்கலாமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்கியதுமே மணி அடித்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

கருவி 1989இல் வந்தது, நான்கு டபுள் ஏ பேட்டரி கேட்கும், திரைக்கு வெளிச்சம் கிடையாது, பச்சைச் சாயலில் நான்கே நிறத் தரங்கள். இதெல்லாம் வாங்க நினைக்கும் எவருக்கும் தெரிந்ததுதான். பொத்தான்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன, ஒலியும் அப்படியே. அவற்றை விட்டுவிடுகிறேன். சூப்பர் மரியோ லேண்ட் என்ற இந்த விளையாட்டில் என்னை முப்பது ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு பொருள். பெட்டியை முட்டினால் வெளியே வரும் அந்தச் சின்ன இதயம். எடுத்தால் ஓர் உயிர் கூடும்.

வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடிய மரியோவில் உயிர் தருவது பச்சைக் காளான், உடம்பைப் பெரிதாக்குவது சிவப்புக் காளான். வடிவம் ஒன்றுதான், நிறத்தை வைத்துத்தான் பிரித்து அறிய வேண்டும். கேம் பாய் திரையில் எல்லாமே பச்சை. அதில் பச்சைக் காளானை எப்படிக் காட்டுவது? அதனால் இங்கே காளானை விட்டு இதயத்தை வைத்தார்கள். நிறம் இல்லாத குறையிலிருந்து பிறந்த மாற்றம், ஆனால் எனக்கு இதுதான் மூலத்தை விட அழகு. காளானைப் பார்த்து உயிர் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். இதயத்துக்கு அது தேவையில்லை. விளையாட்டே தெரியாத என் பாட்டி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அதை எடு, அதை எடு" என்று முதல் நாளே சொன்னார்.

எங்கள் தெருப் பிள்ளைகள் அதைக் கிரியோலில் 'லாவி' என்றுதான் எண்ணுவோம். யாருக்கு எத்தனை லாவி என்பதுதான் பேச்சு. நான் மட்டும் மனத்துக்குள் உயிர் என்று எண்ணினேன். அந்த ஆண்டுதான் தமிழ் வகுப்பில் உயிர் பன்னிரண்டு என்று பாடமாக்கிக்கொண்டிருந்தோம். சூப்பர் மரியோ லேண்டிலும் கட்டங்கள் பன்னிரண்டே, நான்கு உலகங்கள், உலகத்துக்கு மூன்று. ஓர் எழுத்து ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டேன். முதல் கட்டம் அ, கடைசிக் கட்டம் ஔ. இன்று என் மாணவர்களுக்கு ஔகாரத்தைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம், விமானத்தில் பறந்து கடைசி எதிரி டட்டாங்காவை எதிர்க்கும் அந்தக் கடைசிக் கட்டம் கண்முன் வந்து போகும்.

இனி குறைக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் சேமிக்கும் வசதி இல்லை. அணைத்தால் எல்லாம் போயிற்று. நூறு நாணயம் பொறுக்கிச் சேர்த்த உயிர், பெட்டி பெட்டியாக முட்டி எடுத்த உயிர், போனஸ் ஆட்டத்தில் வென்ற உயிர் எல்லாம் அந்தப் பொத்தானை நகர்த்தியதும் இல்லாமல் ஆகிவிடும். மீண்டும் போட்டால் முதல் உலகத்தின் முதல் கட்டம். தொண்ணூற்றொன்பது உயிர் வரை எண்ணக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவற்றை ஓர் இரவு வைத்துக்கொள்ள ஓரிடம் தரவில்லை. இதை நான் சிறுவனாக இருந்தபோதும் மன்னிக்கவில்லை, இப்போதும் மன்னிக்கவில்லை.

1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் வந்தது. உச்சமான நான்காம் எச்சரிக்கை கொடுத்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்த நேரம். போ பாசனில் எங்கள் வீட்டில் மின்சாரம் முதல் மாலையே போய்விட்டது. ஜன்னலில் பலகை அடித்திருந்ததால் பகலிலும் இருட்டு. நான் மேசையில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுடர் திரையில் நேராக விழாதபடி கருவியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன். நேராகப் பிடித்தால் கண்ணாடியில் சுடர் மட்டும்தான் தெரியும். கொஞ்சம் அதிகம் சாய்த்தால் மரியோ மறைந்துவிடுவான். நடுவில் ஒரு கோணம் இருக்கிறது, மணிக்கட்டு வலிக்கும் கோணம், அதில்தான் எல்லாம் தெளிவாக நிற்கும்.

அன்று நான்காம் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில் இருந்தேன். அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதே இல்லை. கையில் பதினான்கு உயிர். அப்போது அப்பா வந்தார். வானொலிப் பெட்டியின் பேட்டரி தீர்ந்துவிட்டது, புயல் செய்தி கேட்க வேண்டும், இரண்டு பேட்டரி கொடு என்றார். இரண்டை எடுத்தாலும் நான்கை எடுத்தாலும் எனக்கு ஒன்றுதான். இந்தக் கட்டம் முடியட்டும் என்று கெஞ்சினேன். "கூரை இருக்குமா போகுமா என்று தெரியவில்லை தம்பி" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் அடம்பிடித்திருப்பேன். அவர் குரலில் இருந்தது பயம். திரையின் மேல் மூலையில் இருந்த பதினான்கைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு அணைத்தேன். கூரை நின்றது. மின்சாரம் திரும்பி வர எங்கள் தெருவில் ஒன்பது நாள் ஆயிற்று. அந்தப் பதினான்கை நான் இன்னும் மறக்கவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும். விளையாட்டு பதிந்திருக்கும் கேட்ரிட்ஜின் கொள்ளளவே 64 கிலோபைட். சேமிக்க வேண்டுமென்றால் உள்ளே தனியாக நினைவகமும் அதற்கு ஒரு சிறு பேட்டரியும் வைக்க வேண்டும், விலை ஏறும். கை தேர்ந்தவர் முழு விளையாட்டையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். அவ்வளவு சிறிய ஆட்டத்துக்குச் சேமிப்பு எதற்கு என்று உருவாக்கியவர்கள் நினைத்திருந்தால் அது தவறில்லை. இதையெல்லாம் இப்போது புரிந்துகொள்கிறேன். பதினோரு வயதுப் பையனுக்கு அந்த ஒரு மணி நேரம் ஓராண்டுக்கு மேல் பிடித்தது என்பதும் உண்மை.

1992இல் வந்த இரண்டாம் பாகத்தில் சேமிக்கலாம், மூன்று பேர் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் இதயம்தான் உயிர். ஆனால் உயிரெல்லாம் தீர்ந்தால் அதுவரை வென்ற பொற்காசுகளைப் பிடுங்கிக்கொண்டு, தோற்கடித்த எதிரித் தலைவர்களோடு மறுபடி சண்டை போடச் சொல்லும். எனக்கு முதல் பாகத்தின் கொடுமையே மேல், அதிலாவது ஒளிவுமறைவு இல்லை. பக்கத்துத் தீவான ரெயுனியனில் செந்தாந்த்ரேயிலிருந்து விடுமுறைக்கு வரும் சித்தப்பா மகன், செகாவின் கையடக்கக் கருவியான கேம் கியர் கொண்டுவருவான். வண்ணத் திரை, பளபளப்பு, ஆறு பேட்டரி. எங்கள் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாத பண்டம்.

சேமிக்க முடியாத இந்தக் குறைக்குள்ளேதான் மகிழ்ச்சியும் இருக்கிறது. பூவை எடுத்த மரியோ இந்த விளையாட்டில் நெருப்பு வீசுவதில்லை, ஒரு பந்து வீசுவான். அது சுவரில் பட்டுத் தெறிக்கும், தெறிக்கும் வழியில் உள்ள நாணயங்களையும் பொறுக்கிவரும். குழாய்க்குள் இறங்கினால் நாணயம் நிறைந்த அறைகள் உண்டு. அங்கே ஒரு மூலையில் நின்று பந்தை வீசிவிட்டால் அது கூரைக்கும் தரைக்கும் சாய்வாக ஓடி ஓடி, என்னால் எட்ட முடியாத வரிசையையும் காலி செய்துவிடும். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, பிறகு அந்த ஓசை, உயிர் ஒன்று கூடியிருக்கும். அந்த ஓசைக்கு நிகராக இந்தக் கருவியில் வேறு எதுவும் இல்லை.

போனஸ் ஆட்டமும் அப்படித்தான். கட்டத்தின் முடிவில் இரண்டு வாசல். கீழ் வாசல் எளிது, நேரே அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். மேல் வாசலுக்கு ஏறிப் போனால் நான்கு தளம், நடுவில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் ஏணி, வலப்புறம் பரிசுகள்: ஓர் உயிர், இரண்டு, மூன்று, அல்லது பூ. பொத்தானை அழுத்தியதும் எல்லாம் நிற்கும், மரியோ நடக்கத் தொடங்குவான். மூன்று உயிர் இருக்கும் தளத்தில் நின்றுவிட்டான் என்று நாம் மகிழும்போது ஏணி குறுக்கே வந்து அவனைக் கீழே இறக்கிவிடும். பலமுறை எண்ணிப் பார்த்து அழுத்தியிருக்கிறேன், பழகிவிட்டேன் என்று சொல்லும் துணிவு இன்றும் இல்லை.

பழுதைப் பற்றிச் சொல்ல வேண்டும், வாங்குபவருக்கு அது பயன்படும். வயதான திரைகளில் நெட்டுக்கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். திரையின் கீழ் விளிம்பில் இருக்கும் மெல்லிய நாடாவின் பிடிப்பு காலத்தால் தளர்வதே காரணம். என் கருவியில் மறைந்த கோடுகளில் ஒன்று, உயிர் எண்ணிக்கை காட்டும் இலக்கத்தின் இட ஓரத்திலேயே விழுந்தது. எட்டின் இடப் பக்கம் போனால் அது மூன்று. எட்டு உயிர் இருக்கிறதா மூன்று இருக்கிறதா என்று தெரியாமல் இரண்டு ஆண்டு ஆடினேன். ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்காமல், புதிய திரை போட்டுக்கொள்ளுங்கள் என்று திருப்பித் தந்தார்கள். பிறகு நானே மூன்று இதழ்த் திருகாணிக்கான திருப்புளி வாங்கி, முன்பக்க மூடியைக் கழற்றி, பற்றவைப்புக் கோலைக் குறைந்த சூட்டில் அந்த நாடாவின் மேல் மெதுவாக இழுத்தேன். கருவியைப் போட்ட நிலையிலேயே இழுக்க வேண்டும், அப்போதுதான் கோடு திரும்புவது கண்ணுக்குத் தெரியும். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, அழுத்தவும் கூடாது. மூன்றாம் முறை இழுத்தபோது மூன்று எட்டாயிற்று. அன்று மாலை வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பக்கவாட்டில் கிடைக்கோடுகள் போயிருந்தால் வாங்காதீர்கள், அந்தப் பக்கத்து நாடா இவ்வளவு பொறுக்காது. பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தகடுகளில் லேசான வெள்ளைப் பூச்சு இருந்தால் வினிகரில் துடைத்தால் போய்விடும், தகடே அரித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அக்கா மகள் இதே விளையாட்டை நிண்டெண்டோவின் பிற்காலக் கருவியான ஸ்விட்சில் ஆடுகிறாள். போன ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளத்தில் விழுந்தாள். இரண்டு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். மரியோ பள்ளத்திலிருந்து பின்னோக்கி எழுந்து, விளிம்பில் வந்து நின்றான். மறுபடி தாண்டினாள். சற்று தூரத்தில் இதயம் வெளிவந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டாள். "எடுக்கவில்லையா?" என்று கேட்டேன். "எதற்கு மாமா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்னது சரி. விழுந்தால் காலத்தையே திருப்பலாம் என்றால் அந்த இதயம் வெறும் ஓவியம். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது, அது அவள் மேல் இல்லை. அப்பா பேட்டரி கேட்ட அந்த இரவில் எனக்கும் இப்படி ஒரு வழி கொடுத்திருந்தால் இந்த இதயத்தை நான் இவ்வளவு விரும்பியிருப்பேனா என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

ஆகவே தங்கச்சி, இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: உங்கள் மகனுக்கு இதை வாங்க வேண்டாம். அவன் பள்ளியில் யாரிடமும் இது இருக்காது, எத்தனை லாவி என்று கேட்க ஆள் இருக்காது. முதல் முறை பத்துப் பன்னிரண்டு உயிரோடு பேட்டரி தீர்ந்துபோய் அவன் அழும்போது அவனுக்கு நியாயம் சொல்ல உங்களால் முடியாது. என்னாலும் முடியாது. கேட்ரிட்ஜை மட்டும் அவர் தனியாகக் கொடுத்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். என்னுடையதன் முனைகள் தேய்ந்துவருகின்றன.

இதை எழுதத் தொடங்கும் முன் ஆடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் உலகத்தில், பதினேழு உயிரோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். அணைக்கவில்லை. கருவி மேசை மேல் கிடக்கிறது. ஓரத்தில் எரியும் சிவப்பு விளக்கு காலையில் இருந்ததை விட மங்கியிருக்கிறது. வீட்டில் புதிய பேட்டரி இல்லை, கடை ஆறு மணிக்கு மூடிவிடும். கடைக்குப் போய் வாங்கி வந்தாலும், அணைக்காமல் அவற்றை மாற்ற வழி இல்லை. உட்கார்ந்து ஆடி முடிக்கத்தான் வேண்டும்.