லோ வோல்டேஜைக் காட்டிக் கொடுக்கும் பெட்டி: மோட்டார்ஹோமில் நான்கு கோடைகள்

எங்களுடையது 28 அடி நீளமுள்ள கிளாஸ் சி மோட்டார்ஹோம், அதாவது வேன் சேஸிஸ் மேல் கட்டிய ஓடும் வீடு. ஃபோர்டு ஈ-450 சேஸிஸ், 30 ஆம்பியர் இணைப்பு, கூரையில் ஒரே ஒரு ஏசி. 2019-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். குடியிருப்பது டெக்சாஸில். பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கோடையில்தான் என்பதால், வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாங்களும் கிளம்புவோம். முதல் இரண்டு கோடைகளில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கேம்ப்கிரவுண்டில் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) உள்ள மின்பெட்டியில் நேராகப் பிளக்கைச் செருகிவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாவது கோடையின் முடிவில் ஏசி போய்விட்டது. புதிது மாட்ட 1,400 டாலர் ஆனது.

பழையதைக் கழற்றிய மெக்கானிக் சொன்ன காரணம் எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அன்று இடியும் இல்லை, மின்னலும் இல்லை. கம்ப்ரசர் ஒரே நாளில் போகவில்லை, பல நாள் லோ வோல்டேஜில் ஓடி ஓடி உள்ளே வைண்டிங் கருகியிருக்கிறது என்றார். லோ வோல்டேஜ் என்ற வார்த்தையைக் கேட்டே வளர்ந்தவன் நான். மதுரையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஒரு நாளும் ஓடியதில்லை. அமெரிக்காவில் அது இருக்காது என்று நானாக நினைத்துக்கொண்டதுதான் தப்பு.

வீடுகளில் பெரும்பாலும் இருக்காது, உண்மைதான். கேம்ப்கிரவுண்ட் கதை வேறு. பல இடங்களில் ஒயரிங் பழையது, கூரையில் இரண்டு மூன்று ஏசி வைத்த வண்டிகள் வருவதற்கு முன்பு போட்டது. மெயின் பேனலிலிருந்து கடைசி சைட் (ஒரு வண்டி நிற்கும் இடம்) வரை நீளமான கேபிள். மாலை நாலு மணிக்கு எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது கடைக்கோடிக்கு வந்து சேரும் வோல்டேஜ் அமெரிக்காவில் வழக்கமான 120 ஆக இருக்காது. வோல்டேஜ் குறைந்தால் குண்டு பல்பு மங்கும், அவ்வளவுதான். மோட்டார் அப்படியல்ல. அதே வேலையைச் செய்ய அதிக கரன்ட் இழுக்கும், அதனால் சூடேறும். நின்று போய் மறுபடி ஸ்டார்ட் ஆக முடியாமல் உறுமினால் வழக்கத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும்.

2021 வசந்தத்தில் புரோக்ரசிவ் இண்டஸ்ட்ரீஸின் ஈஎம்எஸ் ஹெச்டபிள்யூ30சி என்ற மின் பாதுகாப்புப் பெட்டியை வாங்கி, வெளி மின்சாரத்தைக் கொண்டுவரும் கேபிள் வண்டிக்குள் நுழையும் இடத்தில் மாட்டினேன். வெளியே தொங்கவிடும் மாடலும் உண்டு. திருட்டு பயம் இல்லை என்பதாலும், டிஸ்பிளேவை அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் வைக்கலாம் என்பதாலும் உள்ளே மாட்டுவதை எடுத்தேன். வோல்டேஜ் 104-க்குக் கீழே போனாலோ 132-க்கு மேலே ஏறினாலோ வண்டிக்கு மின்சாரத்தை வெட்டிவிடும். எர்த் இல்லையென்றால், ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், உள்ளேயே விடாது. மின்னல் போன்ற திடீர் எழுச்சிக்கு 1,790 ஜூல் வரை தாங்கும். பலரும் இந்த ஜூல் கணக்கைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் திடீர் எழுச்சியை மட்டும் தடுக்கும் வெறும் சர்ஜ் புரொடெக்டர் லோ வோல்டேஜைத் தடுக்காது. நான்கு கோடைகளில் எனக்கு நூறு தடவை உதவியது அந்த 104 என்ற எல்லைதான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 2022 ஜூலை, ஏரிக்கரை கேம்ப்கிரவுண்ட், எங்களுக்குக் கடைசி வரிசை. மதியம் 118 காட்டியது. மூன்று மணிக்கு 111. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும் நொடியில் 106-க்கு இறங்கி ஏறியது. ஐந்து மணிக்குச் சுவருக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம், ஏசி நின்றது, டிஸ்பிளேயில் இ4. அது லோ வோல்டேஜுக்கான எண். வோல்டேஜ் திரும்பினாலும் உடனே கொடுக்காது, 136 நொடி காத்திருந்துதான் கொடுக்கும். கம்ப்ரசருக்குள் அழுத்தம் இறங்க அந்த இடைவெளி வேண்டும். அன்று கொடுத்தது, ஐந்து நிமிடத்தில் மறுபடி வெட்டியது. பக்கத்து வண்டியில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்த உறுமல் எங்களுக்கே கேட்டது. மகள் கேட்டாள், "அவங்களுக்கு மட்டும் கரன்ட் இருக்கேப்பா?" அவர்களுக்கும் அதே 103தான். வெட்டி விட ஆள் இல்லை, அதுதான் வித்தியாசம். நாங்கள் ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டோம். எட்டரைக்கு வெயில் தாழ்ந்ததும் 114 வந்தது, கேம்ப்கிரவுண்ட் மின்சாரத்துக்கே திரும்பினோம்.

அந்த எண் கண்ணெதிரே இருப்பதால் எங்கள் பழக்கமே மாறியது. ஏசி சுமார் 13 ஆம்பியர், வாட்டர் ஹீட்டரின் மின் எலிமென்ட் 12, மைக்ரோவேவ் 13. மூன்றும் சேர்ந்தால் 30-ஐத் தாண்டும். இப்போது கோடையில் வாட்டர் ஹீட்டரும் ஃபிரிட்ஜும் கேஸில்தான். சோறு வைப்பதற்கு முன் மனைவி டிஸ்பிளேயை ஒரு பார்வை பார்ப்பார். 110-க்குக் கீழே என்றால் ரைஸ் குக்கர் இல்லை, அடுப்பில் குக்கர்.

அடுத்து எர்த். ஒரு கேம்ப்கிரவுண்டில் செருகியதும் இ2 வந்தது, எர்த் இல்லை என்று பொருள். அலுவலகத்தில் சொன்னபோது மற்ற எல்லோருக்கும் ஒழுங்காகத்தான் இருக்கிறது, உங்கள் பெட்டிதான் கோளாறு என்றார்கள். வேறு சைட் கேட்டு மாறினோம், அங்கே அதே பெட்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. எர்த் இல்லாமல் உள்ளே எங்காவது கசிவு இருந்தால் வண்டியின் உடம்பே ஷாக் அடிக்கும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைப் பிடிக்கும் குழந்தைக்கு அது உயிர் விஷயம். கேம்ப்கிரவுண்ட் மின்பெட்டியின் எர்த் ஒயரிலேயே மின்சாரம் ஏறியிருந்தால் இந்தக் கருவி அதை வெட்டாது. அதனால் தொடாமலே மின்சாரம் இருப்பதைக் காட்டும் டெஸ்டர் பேனாவை முதலில் மின்பெட்டியிலும், செருகிய பிறகு வண்டிக் கதவிலும் காட்டாமல் நான் யாரையும் இறங்க விடுவதில்லை.

இ2 இன்னொரு விதத்திலும் வரும். எங்கள் ஜெனரேட்டர் பழுதான ஒரு பயணத்தில் நண்பரின் சின்ன ஹோண்டா ஜெனரேட்டரைச் செருகினேன், ஏற்கவே இல்லை. அந்த வகை ஜெனரேட்டரில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே இணைந்திருக்காது. இரண்டையும் இணைக்கும் ஒரு பாண்டிங் பிளக்கை ஜெனரேட்டரின் காலியான சாக்கெட்டில் செருகினால் சரியாகிவிடும். கருவியில் சோதனையைத் தாண்டிவிட வைக்கும் பைபாஸ் சுவிட்ச் இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை.

இந்தக் கருவியால் முடியாதவையும் உண்டு. நம் ஸ்டெபிலைசர் மாதிரி வோல்டேஜை ஏற்றிக் கொடுக்காது. அதற்கு ஆட்டோஃபார்மர் என்ற கருவி தனியாக இருக்கிறது. ஏற்கெனவே திணறும் லைனிலிருந்து அது இன்னும் அதிக கரன்ட் இழுத்துத்தான் ஏற்றும் என்பதால் நான் வாங்கவில்லை. ஏசிக்கு, கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட் மாட்டினேன், ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் குதித்து இறங்குவது நன்றாகக் குறைந்தது.

தேய்ந்த சாக்கெட்டும் அதற்குத் தெரியாது. 2023-இல் ஒரு காலை பிளக்கைப் பிடுங்கியபோது ஒரு தகடு மட்டும் பழுப்பேறி, சுற்றியிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் மெழுகு போல் இளகியிருந்தது. டிஸ்பிளேயில் இரவு முழுக்க இ0, அதாவது எல்லாம் சரி. தளர்வான பிடிப்பில் சூடேறுவது வெளியே, கருவி இருப்பது உள்ளே. பிளக்கை மாற்றினேன். அன்றிலிருந்து முதலில் பிரேக்கரை ஆஃப் செய்வேன், சாக்கெட்டில் கருகல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன், பிளக்கைச் செருகிவிட்டுத்தான் ஆன் செய்வேன். ஏசி அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் உடனே ஆஃப்.

50 ஆம்பியர் வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். அந்த நாலு முனைப் பிளக்கில் தலா 120 வோல்ட் கொண்ட இரண்டு லைன், இரண்டுக்கும் நடுவே 240. நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு பக்கமும் அந்த 240-ஐச் சுமைக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்ளும். சுமை குறைந்த பக்கம் 200-ஐக்கூடத் தொடலாம். டிவி, மைக்ரோவேவ், பேட்டரி சார்ஜர் எல்லாம் சில நொடிகளில் போய்விடும். என் மச்சான் போன வருடம் 50 ஆம்பியர் வண்டி எடுத்தபோது, முதல் பயணத்துக்கு முன்பே 50-க்கான மாடலைக் கையோடு வாங்க வைத்து, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே மாட்டிக் கொடுத்தேன்.