சேலத்தில் வீடு வாங்க: புது அபார்ட்மென்ட்டா, பழைய தனி வீடா, ஏற்காடா?

விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அபார்ட்மென்ட்தான் மலிவாகத் தெரியும். ஆனால் புரோக்கர் சொல்லும் 1,200 சதுர அடியில் படிக்கட்டு, லிஃப்ட், நடைவழி எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கிறது. அதில் கால்பங்கு கழிந்தால் உள்ளே புழங்க 900தான். மொத்த விலையை அந்த 900ஆல் வகுத்துவிட்டு அப்புறம் தனி வீட்டோடு ஒப்பிடுங்கள். யூடிஎஸ், அதாவது மனையில் உங்கள் வீட்டுக்குச் சேரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அந்தக் கணக்கையும் விடாதீர்கள். 10 சென்ட், அதாவது 4,356 சதுர அடி மனையில் ஒரே அளவில் 8 வீடு என்றால் வீட்டுக்கு 544 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 400 என்று எழுதினால் மீதி நிலம் யார் பெயரில் நிற்கிறது என்று கேளுங்கள்.

பத்திரச் செலவில் அபார்ட்மென்ட்டுக்கு ஒரு சாதகம் உண்டு. 2023 டிசம்பரிலிருந்து புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, மதிப்பு 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். பழைய வீட்டுக்கு 7, 2 சேர்த்து 9. 50 லட்சத்தில் ஒன்றரை லட்சம் வித்தியாசம்.

அப்படியும் அஸ்தம்பட்டி, அழகாபுரம் பக்கம் கட்டுக்கோப்பான பழைய தனி வீடு கிடைத்தால் எங்கள் ஓட்டு அதற்குத்தான், நிலம் முழுசாக உங்களுடையது. பார்க்கப் போகும்போது புது பெயிண்ட்டில் மயங்க வேண்டாம். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குச் சுவர் பொரிந்து வெள்ளை உப்பு பூத்திருந்தால் அது அடியிலிருந்து ஏறும் ஈரம். மேலே எத்தனை கோட் அடித்தாலும் திரும்ப வரும். பீமும் சுவரும் சேருமிடத்தில் மயிரிழையாக ஓடும் விரிசல் பெரும்பாலும் மேல்பூச்சில் மட்டும்தான் இருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, காசு விளிம்பு நுழையும் அளவுக்கு விரிந்திருந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். இன்ஜினியர் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். சேலம் பாறை பூமி. பக்கத்து வீட்டு போரில் தண்ணீர் இருப்பது உங்கள் போருக்கு உத்தரவாதமில்லை. ஏப்ரல், மே மாதத்தில் மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஊற்று குறைகிறதா பாருங்கள். ஷவர் துளைகள் வெள்ளையாக அடைத்திருந்தால் அது கடின நீர். மேட்டூர் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை விற்பவரிடம் கேட்காமல் எதிர்வீட்டு அக்காவிடம் கேளுங்கள். தொட்டி அத்தனை நாள் தாங்குமா என்பதையும் பாருங்கள்.

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போடுங்கள். பதிவானது மட்டுமே அதில் வரும். பதியாத உயிலும் வாரிசுப் பங்கும் வராது. அதனால் மூலப்பத்திரங்களை வக்கீல் படிக்க வேண்டும். பட்டாவோடு, மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்து மனையை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

குடியிருக்க ஏற்காட்டை நாங்கள் சொல்ல மாட்டோம். ஓய்வுக்கென்று வாங்குவோர் கட்டட அனுமதியோடு, சரிவிலுள்ள தாங்குசுவரையும் பார்க்க வேண்டும். அதில் நீர் வடியத் துளை இல்லையென்றால் மழையில் ஊறிய மண் சுவரையே தள்ளிவிடும். அக்டோபர் மழையில் போய், அலமாரிக்குப் பின்சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.