பௌதிகவியல் பட்டம்: எட்டு வருடப் பாவனைக்குப் பிறகு

பட்டம் கைக்கு வந்து எட்டு வருடம். இப்போது முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு முறையும் உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு ஒரு தகப்பன் வந்து நிற்பார்: "சேர், மகனுக்கு கம்பசில பிசிக்கல் சயன்ஸ்தான் கிடைக்கும்போல. படிக்க விடலாமோ?" பௌதிகவியலும் கணிதமும் சேர்ந்த பட்டம் அது. அவரிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மொழி. திணிவு, ஆர்முடுகல், சடத்துவத் திருப்பம் என்று தமிழில் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் விரிவுரை முழுக்க ஆங்கிலம். முதல் அரையாண்டில் என் கொப்பியின் ஓரமெல்லாம் தமிழ்ச் சொல்தான். 'பிளக்ஸ்' என்று கேட்டால் 'பாயம்' என்று எழுதினால்தான் தலைக்குள் இறங்கும். இரண்டாம் வருடம், ஒரு தொகுதியின் மொத்தச் சக்தியைக் குறிக்கும் 'ஹமில்ற்றோனியன்' வந்தபோது ஓரத்தில் எழுத ஒன்றும் இல்லை. அதை நான் எந்த மொழியிலும் அறிந்திருக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், அன்றோடு பயம் விட்டுப்போனது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவனுக்கும் பட்டணத்துக் கெட்டிக்காரனுக்கும் அது ஒரே அளவு புதிது.

அடுத்தது கணிதம். பௌதிகவியல் என்று நினைத்துப் போனவன் பாதி நாள் வகையீட்டுச் சமன்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். கணிதம் பிடிக்காத பிள்ளையை அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு பாடம் மட்டும் முன்பே தெரிந்திருந்தது. 2002 போர்நிறுத்தத்துக்கு முன் வன்னிக்குள் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. பிபிசி தமிழோசை கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு நான் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோவிலிருந்து டயோட்டுகள் வழியாக வானொலிக்கு வயர் போகும். நான் களைத்தால் செய்தி செத்துவிடும். "டேய், சுத்தடா!" என்று திண்ணையிலிருந்து ஒரே குரலில் பத்துப் பேர். தூண்டிய மின்னியக்க விசை காந்தப் பாயம் மாறும் வீதத்துக்கு நேர்விகிதசமம், அதாவது வேகமாகச் சுற்றினால்தான் கூட மின் வரும் என்ற பரடேயின் விதியை விரிவுரையில் சொன்னபோது எனக்குத் தொடை வலித்தது.

ஆனால் இன்றுவரை என்னோடு இருப்பது பரடேயும் இல்லை, குவாண்டம் பௌதிகத்துச் சிரோடிங்கரும் இல்லை. புவியீர்ப்பு ஆர்முடுகல் g ஐ அளக்கும் முதலாம் வருட எளிய ஊசல் பரிசோதனை. உயர்தரத்தில் கணிப்பானைத் தொட விடாமல் மடக்கை அட்டவணையோடு வளர்த்த பிள்ளைகள் நாங்கள். கணிப்பான் கிடைத்ததும் அது காட்டுகிற இலக்கம் எல்லாவற்றையும் எழுதுவோம். நூல் 1 மீற்றர், 50 ஆட்டத்துக்கு 100.45 செக்கன், g = 9.78137. புத்தகத்தில் 9.81 அல்லவா? நேரத்தை அழித்து 100.30 என்று மாற்றினேன். விடை சரியாக 9.81 வந்தது.

ஆய்வுகூடத்தில் எங்களுக்கு உதவும் டெமோன்ஸ்றேற்றராக இருந்த அக்கா அழித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "தம்பி, ஸ்ரொப்வோச்சை அமத்த உங்கட கை எவ்வளவு பிந்தும்?" 0.2 செக்கன் வரும் என்றேன். "அப்ப 0.15 செக்கனை ஏன் களவெடுத்தனீங்கள்?" பிறகு தானே கணக்குப் போட்டுக் காட்டினார். 100 செக்கனில் 0.2 என்றால் நேரத்தில் 0.2 சதவீதம், நேரம் வர்க்கமாக வருவதால் g இல் 0.4 சதவீதம். ஆக 9.78 ± 0.04. 9.81 அதற்குள்ளேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, மத்திய கோட்டுக்கு இவ்வளவு கிட்ட g உண்மையிலேயே 9.78தான். 9.81 இலண்டன் பக்கத்து எண். நான் சரியான விடையை அழித்துவிட்டு ஐரோப்பாவின் விடையை எழுதியிருந்தேன்.

அன்றிலிருந்து யார் என்ன எண் சொன்னாலும் அதன் வழு என்ன, எவ்வளவு பிசகலாம் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. சூரியப் படல் விற்க வந்தவர் "300 வோற்று" என்றபோது, எந்த வெயிலில், எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வேலை விஷயத்தில் மட்டும் பொய் சொல்ல மாட்டேன். நியமனத்துக்கு இரண்டு வருடம் காத்திருந்தேன், அதுவரை ரியூசன்தான் சோறு போட்டது. பௌதிகவியலோடு கணினி விஞ்ஞானத்தையும் ஒரு பாடமாக எடுத்த நண்பர்கள் அதற்குள் கொழும்பில் சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். நான் திரும்பப் படித்தாலும் பௌதிகவியலைத்தான் எடுப்பேன், ஆனால் கணினியையும் விடமாட்டேன்.

போன கிழமை ஒரு பிள்ளை ஊசல் செய்துவிட்டு முகம் வாடி வந்தாள். "சேர், 9.6 வந்திட்டுது. பிழையோ?" நூல் 30 சென்ரிமீற்றர், எண்ணியது பத்தே ஆட்டம். "சக சய (±) எவ்வளவு?" என்றேன். கொஞ்ச நேரம் கொப்பியில் கணக்குப் போட்டாள். அப்புறம் நீளமான நூல் தேடிப் போய்விட்டாள்.