ஊற்றுக் காணியை யாருக்கு எழுதுவது? சபையா, நம்பிக்கைப் பொறுப்பா, விற்றுக் காசாகக் கொடுப்பதா?

ஹப்புத்தளைப் பக்கமோ நாவலப்பிட்டிப் பக்கமோ நாலு ஏக்கர் காணி. மேல் பாதி காடு, அதற்குள் ஓர் ஊற்று. கீழே உள்ள லயங்களுக்குப் பீலித் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும். காட்டை வெட்டாமல் வைத்திருப்பவரிடம் காணி போகவேண்டும். வருமான வரியிலும் ஏதாவது குறைந்தால் நல்லது. இப்படி யோசிப்பவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எழுதிக் கொடுக்காமலே காக்கிற நாலாவது ஒன்றும் உண்டு.

முதலில் உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, பாருங்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசுக்குப் போன தோட்டக் காணியில் கம்பனிகளிடம் இருப்பது குத்தகைதான். அதை யாரும் தானம் கொடுக்க முடியாது. அரசு கொடுத்த ஜயபூமி, சுவர்ணபூமி காணி அளிப்பு என்றால் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது. கீழே சொல்வதெல்லாம் சின்னக்கர உறுதி, அதாவது முழுச் சொந்த உரிமை, உள்ளவர்களுக்கு.

வரி எவ்வளவு குறையும்?

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் நன்கொடைகளைத் தகைமைக் கொடுப்பனவு என்ற தலைப்பில் இரண்டாகப் பிரிக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்தால், தனிநபருக்கு வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபா, இரண்டில் குறைந்தது வருமானத்திலிருந்து கழியும். அரசுக்கோ உள்ளூராட்சி மன்றத்துக்கோ கொடுத்தால் அந்த உச்சவரம்பு இல்லை. பணமாகத்தான் கொடுக்கவேண்டும் என்பதும் இல்லை, காணியும் சேரும்.

இங்கே பலர் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. ‘தரும நிறுவனம்’ என்று சட்டம் சொல்வது நோயாளர்களையும் வறியவர்களையும் நிறுவனத்துக்குள் வைத்துப் பராமரிப்பதற்காக அமைந்து, அமைச்சரின் வர்த்தமானி அங்கீகாரமும் பெற்றவற்றை. முதியோர் இல்லம் வரலாம். காடு காக்கிற சங்கம் வராது.

மாதம் 3 இலட்சம் சம்பளக்காரரை எடுப்போம். ஆண்டுக்கு 36 இலட்சம். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் நிவாரணம் 18 இலட்சம். மிச்சம் 18 இலட்சத்துக்கு வரி: முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, கடைசி 3 இலட்சத்துக்கு 24. மொத்தம் 2,22,000 ரூபா. இவர் முதியோர் இல்லத்துக்கு 3 இலட்சம் கொடுத்தால் 75,000 மட்டுமே கழியும், மிச்சமாவது 18,000. அதே 3 இலட்சத்தைப் பிரதேச சபைக்குக் கொடுத்தால் 72,000. மாதம் 2 இலட்சக்காரருக்கு 75,000 கழிந்தாலும் கையில் நிற்பது 4,500 தான். ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே வரியே இல்லை, ஆகவே சலுகையும் இல்லை.

தனிநபர் நிவாரணம் 5 இலட்சத்திலிருந்து 30, பிறகு 12, இப்போது 18 என்று ஏறி இறங்கிவிட்டது. 75,000 மட்டும் அசையவில்லை. சீர்திருத்தம் என்று பேசுகிறவர்கள் முதலில் தொடவேண்டிய இலக்கம் அதுதான்.

பிரதேச சபைக்கு அல்லது அரசுக்கு

வரிக்கு இதுவே முதலிடம். ஆனால் கழிவு அந்த ஆண்டின் வரியைப் பூச்சியமாக்கும். அதற்குக் கீழே போய் கையில் காசு தராது. நன்கொடை உறுதியை நொத்தாரிசு இரண்டு சாட்சிகளோடு எழுதவேண்டும். பெறுபவர் ஏற்றுக்கொண்டதும் பதிவாக வேண்டும். ஆகவே சபையின் ஏற்புத் தீர்மானத்தை முதலில் எடுங்கள். தவிசாளர் வாய்ச்சொல்லால் ‘சரி’ என்பது போதாது. புதிய அளவை வரைபடமும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் கையில் இருக்கட்டும். இறைவரியிடம் பெறுமதியைக் காட்ட வேறு வழியில்லை. சம்பளத்தில் மாதாமாதம் வரி வெட்டப்படுகிறவர் நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டு கொடுத்தே மீளக் கேட்கவேண்டும்.

குறை என்னவென்றால், அடுத்த சபைக்கு அங்கே விளையாட்டு மைதானம் வெட்ட ஆசை வரலாம். காடுதான் முக்கியம் என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு எழுதுவது மேல். அரச காணியில் அத்துமீறி இருந்து பத்து வருட ஆட்சியைக் காட்டி உரிமை கேட்கவும் முடியாது.

தரும நம்பிக்கைப் பொறுப்பு

ஆங்கிலத்தில் ‘ட்ரஸ்ட்’ என்பது இது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைவது. வரிக்கழிவு எதுவும் இல்லை. பாதுகாப்பு நிபந்தனை எழுத இடம் நிறைய உண்டு. குறைந்தது மூன்று பொறுப்பாளர்கள், ஒருவர் இறந்தால் அடுத்தவரை நியமிக்கும் முறை, விற்பனைத் தடை, பொறுப்பு கலைந்தால் காணி யாருக்கு என்பது, இந்த நான்கும் உறுதியில் இல்லாவிட்டால் இருபது வருடத்தில் வழக்குத்தான். ‘பேரப்பிள்ளைகள் விற்கக்கூடாது’ என்று குடும்பத்துக்குள் எழுதிவைப்பது பயன்படாது. அந்த வகைத் தடையை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது.

பெரிய ஆபத்து காவலில்லாத எல்லைதான். தனியார் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டவர் உரிமை கேட்கலாம் என்ற ஆட்சிச் சட்டம் இங்கே கடிக்கும். பக்கத்துக் காணிக்காரர் வருடத்துக்கு ஒரு வரிசை மிளகுக் கொடி ஏற்றிக்கொண்டே வந்தால், பதினோராவது வருடம் எல்லைக்கல் எங்கே என்று தேடவேண்டியிருக்கும். எல்லைக்கல்லுக்குப் பெயின்ற் அடியுங்கள், வருடத்துக்கொருமுறை படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள்.

கொடை கொடுப்பவர் கண்டிச் சட்டத்துக்கு (மலைநாட்டுச் சிங்களவரின் வழக்காற்றுச் சட்டம்) உட்பட்ட சிங்களவர் என்றால் இன்னொன்று: தரும நம்பிக்கைப் பொறுப்பாக எழுதிய கொடையை அவர் ரத்துச் செய்ய முடியாது, மற்றக் கொடைகளை, மீளப்பெறும் உரிமையைக் கைவிடுவதாக உறுதியில் வெளிப்படையாக எழுதாவிட்டால், பொதுவாக ரத்துச் செய்யலாம்.

விற்றுக் காசைக் கொடுப்பது

காட்டைக் காக்க நினைப்பவருக்கு இது மோசமான வழி. 40 இலட்சத்துக்கு விற்றார் என்று வையுங்கள். 2017 செப்ரெம்பர் 30க்கு முன்பே அவரிடம் இருந்த காணி என்றால் அன்றைய சந்தைப் பெறுமதிதான் அடக்கவிலை. அது 25 இலட்சம் என்றால் ஆதாயம் 15 இலட்சம். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கு வீதம் 15 சதவீதம், ஆக 2,25,000 ரூபா. பிறகு முழுக் காசையும் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தாலும், உச்ச வீதமான 36 சதவீதக்காரருக்கே மிச்சம் 27,000. வாங்கியவர் மறுவாரம் புல்டோசரோடு நிற்பார்.

எழுதிக் கொடுக்காமல் காப்பது

அமெரிக்காவில் காணியைக் கையில் வைத்தபடியே அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுத்து வரிக்கழிவு கேட்கலாம். மதிப்பை ஊதிப் பெருக்கும் கூட்டுத் திட்டங்கள் முளைத்ததால், 2022இல் அங்கே கழிவு முதலீட்டின் இரண்டரை மடங்கைத் தாண்டக்கூடாது என்று கடிவாளம் போட்டார்கள். இங்கே அப்படி ஒரு கழிவே இல்லை. இருக்கிற வழி சரணாலயம்: 1940இல் பிரகடனமான சிவனொளிபாதமலைச் சரணாலயம் போல, தனியார் காணியும் உரிமை மாறாமல் அதற்குள் அடங்கலாம். வரியில் ஒரு சதமும் குறையாது. வர்த்தமானி வரும்வரை பொறுமையும் வேண்டும்.

வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 10 இலட்சத்தைத் தாண்டாதவர் வரிக்காக எதையும் தெரிவு செய்யவேண்டாம். உயிரோடு இருக்கும்போதே பொறுப்பாளர்களைப் பழக்கி நம்பிக்கைப் பொறுப்பு வைப்பதே அவருக்குச் சரி. அதற்கு மேல் உழைப்பவர் ஊற்றையும் காட்டையும் தனித்துண்டாக அளந்து வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும், கீழ்ப் பகுதியைப் பிள்ளைகளுக்கும் எழுதலாம். துண்டு பிரிக்கும்போது பீலிக் குழாய் போகும் பாதையை இரண்டு வரைபடத்திலும் குறிக்கச் சொல்லுங்கள்.