ஸ்டெய்ர் ஏ.யு.ஜி: சேஃப்டி பொத்தானும் ட்ரிகரின் அடியில் சேர்ந்த சிறு பூட்டும்

ஸ்டெய்ர் ஏ.யு.ஜி. ஆஸ்திரியாவின் புல்பப் துப்பாக்கி. இந்த வகையில் ட்ரிகர் முன்னால் இருக்கும். மேகசினும் (தோட்டாப் பெட்டி) ஹேமரும் (தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டும் சுத்தி) பின்னால், கன்னத்துக்கு அடியில் போய்விடும். ஏ.யு.ஜி.யில் ட்ரிகரையும் ஹேமரையும் இணைப்பவை மேகசினின் இருபுறமும் ஓடும் நீளமான கம்பிகள். அதனால்தான் 508 மி.மீ. குழல் இருந்தும் மொத்த நீளம் 790 மி.மீ.யில் அடங்குகிறது. ட்ரிகர் கொழகொழவென்று கனமாக இருப்பதற்கும் இதே கம்பிகள்தான் காரணம். 1977இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து இந்தக் குறை கூடவே வருகிறது.

சேஃப்டி என்பது ட்ரிகருக்குச் சற்று மேலே, பின்னால் குறுக்காக நிற்கும் ஒரு பொத்தான். இடமிருந்து வலமாகத் தள்ளினால் பூட்டு, வலப்பக்கம் வெள்ளைப் புள்ளி தெரியும். திருப்பித் தள்ளினால் சுடலாம், இடப்பக்கம் சிவப்புப் புள்ளி. எந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது என்று விரலால் தடவினாலே இருட்டிலும் நிலை தெரிந்துவிடும். இதை மிக நல்ல அமைப்பு என்றே சொல்லுவேன். வலக்கைக்காரர் ஆள்காட்டி விரலால் திறந்து கட்டைவிரலால் பூட்டுவார். இடக்கைக்காரருக்கு இது தலைகீழ். இது பிடிக்காதவர்களுக்குக் கட்டைவிரலால் சுழற்றும் நெம்புள்ள இஸ்ரேலிய புல்பப் டேவோர் எக்ஸ்-95 பொருந்தும்.

உண்மையான பலவீனம் வேறு இடத்தில். ராணுவ ஏ.யு.ஜி.யில் ஒற்றைச் சூட்டுக்கும் தொடர் சூட்டுக்கும் தனி நெம்பு கிடையாது. ட்ரிகரை முதல் தடை வரை இழுத்தால் ஒன்று, அதையும் தாண்டி அழுத்தினால் தொடர். பதற்றத்தில் விரல் எங்கே நிற்கும்? அயர்லாந்து ராணுவத்துக்கான துப்பாக்கியில் முதலில் வந்து, பிறகு ஆஸ்திரேலியாவின் ஏ.யு.ஜி. வடிவமான எஃப்-88இலும் சேர்ந்த மாற்றம் இதற்குத்தான். ட்ரிகரின் அடியில் ஒரு சிறு துண்டு. அது வெளியே நீட்டியிருந்தால் ட்ரிகர் காப்பில் முட்டி, ட்ரிகரை முழுதாகப் போகவிடாது. உள்ளே தள்ளினால்தான் தொடர் சூடு. சுடுபவர் யோசித்துச் செய்ய வேண்டிய ஒரு வேலையை இடையில் வைத்த இந்த ஒரு துண்டு, பெரிய மறுவடிவமைப்பைவிட மதிப்புள்ளது.

ட்ரிகரை இலகுவாக்குகிறேன் என்று சேஃப்டியையோ, அது தடுத்து நிறுத்தும் பாகங்களையோ அரம் வைத்துத் தேய்ப்பதை ஒருபோதும் ஏற்க முடியாது. இந்தப் பொத்தான் பூட்டுவது ட்ரிகரை, ஹேமரை அல்ல. தேய்ந்த முனை, பூட்டியிருப்பதாகக் காட்டிக்கொண்டே ட்ரிகரை நகரவிடும். எண்ணெயும் அளவோடு போதும்; அதிகமானால் மணலைப் பிடித்து வைத்து, பொத்தானின் 'டக்' சத்தம் மங்கும்.

சரிபார்க்க மேகசினைக் கழற்றி, போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் பாகம்) பின்னுக்கு இழுத்து, சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி போல்ட்டை விடுங்கள். சேஃப்டியைப் பூட்டி ட்ரிகரை நன்றாக இழுத்தால் ஹேமர் விழக் கூடாது. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியைத் திறங்கள். அப்போதும் விழக் கூடாது. பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது கட்டத்தைத்தான். முதலில் இழுத்தபோது உள்ளே ஏதாவது நழுவியிருந்தால் அது இங்கேதான் வெளிப்படும். பிறகு ட்ரிகரை இழுத்தால் விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் துப்பாக்கி அப்படியே பழுதுபார்க்கும் ஆர்மரரின் மேசைக்குப் போக வேண்டும்.