மஞ்சக்குப்பம் காபி கடை: கேக்காமலே தண்ணி வரும்

மைதானத்துகிட்ட இருக்கற சின்ன கடை, நாலு பெஞ்ச், ஒரு ஃபேன், அவ்ளோதான், ஆனா டிகாஷன விடியக்காலைலயே பித்தளை ஃபில்டர்ல எறக்கிடறாங்க, பாலும் கெட்டிப் பால். மாஸ்டர் ஆத்தும்போது நுரை டம்ளர் விளிம்பு வரைக்கும் ஏறி நிக்கும், ஒரு சொட்டு கீழ சிந்தாது. சிக்கரி கம்மி, அந்தக் கசப்பு நாக்குல தெரியுது, எனக்கு அதான் வேணும்.

இன்னொண்ணு ரொம்பப் புடிச்சது, காபிக்கு முன்னாடியே பானைத் தண்ணி ஒரு சொம்பு வந்துடும். பக்கத்து பெஞ்ச்ல ஒரு பெரியவர், "தம்பி, இந்த வெயில்ல காபி குடிச்சா ஒடம்புல தண்ணியே நிக்காது, சூடு புடிச்சுக்கும்"னார். நம்ம கடலூர்ல பாதி பேர் இதத்தான் நம்பறாங்க, அவ்ளோ பயப்பட வேணாங்க. காபில இருக்கற காஃபின், கிட்னில அடினோசின்ங்கற ஒடம்போட சொந்தப் பொருளோட வேலைய தடுக்குது, அதனால உப்பு கொஞ்சம் அதிகமா வெளிய போவுது, அது கூடவே தண்ணியும் போவுது, அது நெஜம்தான், ஆனா தெனமும் குடிக்கறவங்களுக்கு ஒடம்பு சீக்கிரமே பழகிடும். இங்கிலாந்துல பர்மிங்காம் யூனிவர்சிட்டிக்காரங்க காபி பழக்கம் இருக்கற 50 ஆம்பளைங்கள வெச்சு பாத்தாங்க, 2014ல ரிசல்ட் வந்துது, மூணு நாள் 200 மில்லி கப்புல தெனம் 4 காபி, இன்னொரு மூணு நாள் அதே அளவு வெறும் தண்ணி, ஒடம்போட மொத்த நீர் அளவுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே இல்ல. பழக்கமே இல்லாதவங்க திடீர்னு ஸ்ட்ராங்கா ரெண்டு மூணு குடிச்சா பாத்ரூம் பக்கம் ஓட வேண்டி வரும், அது வேற.

அப்போ குடிச்சதும் வாய் காயுதேன்னு கேப்பீங்க. காபி டீல இருக்கற துவர்ப்பு எச்சில்ல இருக்கற புரதத்தோட ஒட்டிக்கும், அதான் நாக்கு வறண்டாப்ல இருக்கு, ஒரு வாய் தண்ணி குடிச்சா சரியாயிடும். வெயில்ல வேர்த்து ஊத்த வேலை செய்யறவங்க மட்டும் காபியே போதும்னு இருந்துடாதீங்க, தண்ணி, மோர் எல்லாம் நல்லா குடிக்கணும்.

கடைல கொறைன்னா சக்கரைதான். சொல்லலன்னா அள்ளிப் போட்டுடறாங்க, காபி வாசனையே அமுங்கிப் போவுது, குடிச்சப்புறம் தொண்டைல பிசுபிசுன்னு நிக்குது, அந்த சொம்புத் தண்ணி மொத்தமும் அதுக்கே காலி. ஆர்டர் பண்ணும்போதே "அண்ணே, அரை சக்கரை"ன்னு சொல்லிடுங்க, மொகம் சுளிக்காம போட்டுத் தருவாங்க. அப்புறம், ஒம்பது மணிக்கு மேல போனா ரெண்டாவது டிகாஷன்தான் கெடைக்குது, அது சும்மா கலருக்குதான், காலைலயே போயிடுங்க.